சுக்கானி வீட்டைத் திருப்புதல்

1

ஒரு வீடு மேட்டில் ஏறி வருவதைப் பார்த்த நாளில்தான் இந்தக் கதை எனக்குச் சரியாகக் கிடைத்தது. இரண்டு மாடி மரவீடு. அடியில் இரும்பு உத்தரங்கள், உத்தரங்களுக்கு அடியில் சக்கரங்கள், முன்னால் இழுக்க ஒரு லாரி. மாடிச் சன்னலில் திரைச்சீலை மட்டும் அப்படியே ஆடிக்கொண்டிருந்தது. வீட்டுக்காரி கழற்ற மறந்துவிட்டாள் என்று நினைத்தேன். பிறகு கேட்டபோது, "மறக்கல்லாம் இல்ல. ஊரே பாக்க நடுத்தெருவுல போகுது, அம்மணமாவா அனுப்பறது?" என்றாள். அதற்கு முன்பே ஒரு வரைவு எழுதிப் பாதியில் விட்டிருந்தேன்; அந்த ஒரு பதிலுக்காகத்தான் மறுபடி எழுத உட்கார்ந்தேன்.

உட்கார்ந்தேனே தவிர, தொடக்கம் வசப்படவில்லை.

மிசிசிப்பி ஆறு அன்று காலை — (இப்படித் தொடங்கிய கதைகளை அடுக்கினாலே ஒரு வெள்ளத்தடுப்புக் கரை கட்டிவிடலாம். அடித்தாயிற்று.)

கேப்டன் ஆம்ப்ரோஸ் டீக் நீராவிப் படகில் சுக்கான் பிடித்துச் சம்பாதித்துக் கட்டிய அந்த வீட்டில், அவர் செத்துத் தலைமுறைகள் ஆன பின்னும், அவருடைய ஆவி — (ஆவி வேண்டாம். எங்கள் ஊர் ஹாஸ்கல் லேண்டிங்கில் செத்தவர்கள் ஒழுங்காகச் செத்துப்போகிறார்கள். உயிரோடு இருப்பவர்களால்தான் தொல்லை.)

ஓர்லீன் கிப்ஸ் கையில் பன்றிக் கொழுப்பு வாளியோடு — (இது கதையின் பின்பாதியில் வரவேண்டியது. பொறுங்கள்.)

ஆகவே தொடக்கம் இல்லாமலே தொடங்குகிறேன். என் அப்பா பார்ஜ் என்னும் சரக்குத் தெப்பங்களை இரும்புவடத்தால் பிணைத்துக் கட்டும் வேலை செய்தவர். நானும் தானியம் ஏற்றும் படகுத்துறையில் மண்வாரி பிடித்திருக்கிறேன். எங்கள் வீட்டில் எவன் கதை சொல்ல வாயெடுத்தாலும் அப்பா குறுக்கிடுவார்: "எவ்வளவு கனம்னு மொதல்ல சொல்லு. யார் தூக்கினான்னு அப்புறம் சொல்லு. மத்ததெல்லாம் காத்து."

கனம்: ஏறத்தாழ நாற்பது டன். தூக்கியவர்கள் வந்துகொண்டிருக்கிறார்கள்.

2

எங்கள் ஊரின் கரைத் தெருவில் ஒரு காலத்தில் ஆற்றுச் சுக்கானிகளின் வீடுகள் வரிசையாக நின்றன. நீராவிப் படகுக் காலத்தில் சுக்கானி என்றால் ராஜா. படகின் முதலாளிகூட அவனிடம் வாய் திறக்க இரண்டு முறை யோசிப்பான். ராஜா மேட்டில்தானே கோட்டை கட்டுவான்? இவர்கள் கட்டவில்லை. வேலை இல்லாத நாளிலும் ஆறு கண்ணில் பட்டாக வேண்டும். நேற்றிருந்த மணல்திட்டு இன்றைக்கு எங்கே நகர்ந்தது, தண்ணீர் எவ்வளவு ஏறியது, எந்த மரம் வேரோடு புரண்டு வருகிறது என்பதெல்லாம் காலைக் காப்பி ஆறுவதற்குள் தெரிந்தாக வேண்டும். அதனால் ஆற்றின் வாயிலேயே கட்டினார்கள். வெள்ளத்தில் முங்கினார்கள். சேற்றை வழித்துப் போட்டுவிட்டு மறுபடி குடியேறினார்கள்.

டீக் இன்னும் ஒருபடி மேலே போனார். படுத்த படுக்கையிலிருந்தே ஆற்றைப் பார்க்கவேண்டும் என்று, மாடியில் ஆற்றைப் பார்த்த கிழக்குச் சுவர் முழுவதையும் ஒரே சன்னலாக வைத்தார். ஊர் அதை ஆற்றுச் சன்னல் என்கிறது.

இந்த வசந்தத்தில் வந்த வெள்ளத்துக்குப் பிறகு ஊர் மன்றம் கையை விரித்துவிட்டது. கரைத் தெரு இனிக் கிடையாது. வீடுகளை இடித்துப் புல் வளர்ப்பார்கள். ஒரே விலக்கு, மாநிலத்தின் பாரம்பரியப் பட்டியலில் இருக்கும் சுக்கானி வீடுகள். மிஞ்சியிருந்தவை மூன்று. அவற்றை மட்டும் மேட்டில் உள்ள ஊர் நிலத்துக்கு நகர்த்திக்கொள்ளலாம். பட்டியலிலிருந்து பெயர் போனால் நிலமும் போகும். நிலம் போனால் வீடு பலகை பலகையாகப் போகும்.

டீக் வீட்டில் இருப்பவள் ஓர்லீன் கிப்ஸ். இழுவைப் படகில்* சமையல்காரி. ஒரு மாதம் படகில், ஒரு மாதம் வீட்டில். புருஷன் போய்ச் சேர்ந்துவிட்டான். பிள்ளைகள் இல்லை. வீடு உண்டு.

(* பெயர்தான் இழுவை. செய்வது தள்ளுவது. ஒரு தெரு நீளத்துக்குப் பார்ஜ்களைக் கட்டி முன்னால் தள்ளிக்கொண்டு போகும். பெயர் வைத்தவன் கரையில் நின்று வைத்திருக்க வேண்டும்.)

3

இந்த இடத்தில் எனக்கு அவள்மேல் ஒரு சந்தேகம் வந்தது. பாத்திரமாக அவள் தாங்குவாளா? சுக்கானி வீட்டுக்காக உயிரை விடுகிறவள் சுக்கானி வம்சமாக இருந்தால் அல்லவா கதைக்கு வலு? அதனால் முதல் வரைவில் அவளை டீக்கின் கொள்ளுப்பேத்தி ஆக்கினேன். எழுதியதை எடுத்துக்கொண்டு போய் அவளிடமே படித்தும் காட்டினேன். வீடு அப்போது இன்னும் கரைத் தெருவில்தான் இருந்தது. அடுப்படியில் அவள் பிஸ்கட்டுக்கு மாவு தட்டிக்கொண்டிருந்தாள்.

"கேப்டன் டீக்கின் கொள்ளுப்பேத்தியான ஓர்லீன், தன் மூதாதையின் —"

"யாரோட கொள்ளுப்பேத்தி?"

"கதைக்காக, மிஸ் ஓர்லீன்."

"எங்க கொள்ளுத்தாத்தா கோழி திருடி உள்ள போனவரு. அதை எழுது. டீக்கு ரத்தம் எங்கிட்ட ஒரு சொட்டு கெடையாது."

"அப்ப இந்த வீட்டு மேல உங்களுக்கு ஏன் இவ்வளவு வீம்புன்னு படிக்கிறவங்க கேப்பாங்களே?"

அவள் மாவை ஒரு அறை அறைந்தாள்.

"இந்தச் செவுத்துலேருந்து மூணு வெள்ளத்துச் சேத்த நான் வழிச்சுப் போட்டிருக்கேன். டீக்கோட பேரம்பேத்திங்க ஒருக்கா வந்துச்சுங்க. வாசல்ல நின்னு போட்டோ எடுத்துச்சுங்க. என்னப் பாத்து 'நீங்க இங்க வேல செய்யறீங்களா'ன்னு கேட்டுச்சுங்க. கேக்கறவங்ககிட்ட இதச் சொல்லு."

"அது கோபம். காரணம் இல்லியே."

அவள் தட்டில் மாவு வில்லைகளை ஒவ்வொன்றாக அடுக்கி, அடுப்புக்குள் தள்ளி, கதவைச் சாத்தினாள்.

"படகுல ஆத்தப் பாக்கறவனுக்குப் பேரு கேப்டன். சமையக்கட்டுல ஒரு சன்னல் இருக்கு, தட்டு அகலம். முட்டை பொரிக்கறப்ப ஒரு கரை தெரியும். தட்டு கழுவறப்ப இன்னொரு கரை. அந்தத் தட்டு அகலத்துலதான் இந்த வீட்டை நான் மொதல்ல பாத்தது. மாடி பூரா சன்னல். எந்த மகராசன் இதுக்குள்ள உக்காந்து ஆத்த முழுசாப் பாக்கறானோன்னு நெனச்சேன். ஒவ்வொரு தடவை தாண்டறப்பவும் நெனச்சேன். விலைக்கு வந்துது, வாங்கிட்டேன். அவ்வளவுதான். நாற்காலி போட்டு உக்காந்து, ஆத்த நேருக்கு நேரா பாக்கணும். இது உனக்குக் காரணமாப் படலன்னா நீ வேற ஆளு தேடிக்க."

வேறு ஆள் தேடவில்லை. வம்சத்தை அடித்துவிட்டேன். கோழித் திருடன் இருக்கிறான்.

4

வீடு நகர்ந்த நாள்.

டெல்மர் வாஸ் முன்னால் நின்று கைகாட்டினான். படகில் மேஸ்திரியாக இருந்து ஓய்வு பெற்றவன். ஓர்லீன் சமையலைத் தின்றே தொப்பை வளர்த்தவன். அவன் கை மேலே போனால் லாரி நகரும், கை விரிந்தால் நிற்கும். விடுப்பில் இருந்த டெக் ஆட்கள், படகின் மேல்தளத்தில் வேலை செய்பவர்கள், சிலர் பக்கங்களில் வடம் பிடித்தார்கள். வெளியூர் லாரிக்காரன் முன்கண்ணாடி வழியே டெல்மரின் கையை மட்டுமே பார்த்து ஓட்டினான். ஓர்லீன் பின்னாலேயே நடந்தாள். வீடு ஒரு பக்கம் முனகினால் இவள் தோள் ஒரு பக்கம் சாய்ந்தது.

மேட்டு நிலத்தில், அடுக்கிவைத்த ரயில் கட்டைகளின்மேல் வீட்டை இறக்கினார்கள். இறக்கும் முன் லாரிக்காரன் தலையை வெளியே நீட்டினான்.

"இந்தப் பக்கமாவா நிறுத்தணும்?"

"பின்ன எந்தப் பக்கமாம்?" என்றான் டெல்மர்.

டெக் ஆட்கள் சிரித்தார்கள். வீடு உட்கார்ந்தது. ஊரே கைதட்டியது. நானும் தட்டினேன். எங்கள் எல்லார் கண்ணுக்கும் அது அவ்வளவு சரியாக இருந்தது. சக்கரங்களையும் லாரியையும் எடுத்துக்கொண்டு லாரிக்காரன் அடுத்த ஊருக்குப் போய்விட்டான். அங்கேயும் வெள்ளம், அங்கேயும் வீடுகள் காத்திருந்தன. மறுநாள் விடியலில் ஓர்லீனைப் படகுக்குக் கூட்டிப்போக வேன் வந்தது. ஏணி வைத்து மாடியேறிப் பார்க்க அவளுக்கு நேரமில்லை.

(படகு நிறுத்தத் தெரிந்தவர்களுக்கு இங்கேயே விஷயம் விளங்கியிருக்கும். மற்றவர்கள் அடுத்த பகுதிக்கு வாருங்கள்; அவமானம் ஒன்றுமில்லை.)

5

ஒரு மாதம் கழித்து ஓர்லீன் திரும்பி வந்தாள். பையை இறக்கிவைத்தாள். கொட்டகையிலிருந்து ஒரு நாற்காலியை எடுத்தாள். அதைத் தோளில் மாட்டிக்கொண்டு ஏணியில் ஏறி, மாடியறைக்குப் போய், சன்னலுக்கு எதிரே போட்டு, திரைச்சீலையை விலக்கிவிட்டு உட்கார்ந்தாள்.

எதிரே, தேவாலயத்தை ஒட்டி, ஊர்த் தண்ணீர்த் தொட்டி இருந்தது.

கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தாள். தொட்டிதான். அதில் ஊரின் பெயர்கூட எழுதியிருந்தது. ஆறு எங்கே? எழுந்து பக்கத்துச் சுவரில் இருந்த சின்னச் சன்னலுக்குப் போனாள். அங்கே இருந்தது ஆறு. தட்டு அகலத்தில்.

"டெல்மர்!"

அவன் கீழே கட்டைகளுக்கு ஆப்பு அடித்துக்கொண்டிருந்தான்.

"என்ன கத்தற? படகுலேருந்து இப்பத்தான் வந்த, அதுக்குள்ளயா?"

"மேல வா."

"முட்டி வலிக்குது."

"முட்டியக் கழட்டி வெச்சிட்டு வா!"

வந்தான். பார்த்தான். மேவாயைச் சொறிந்தான். சன்னலையும் தொட்டியையும் மாறி மாறிப் பார்த்தான்.

"ஏன்டா என் வீட்டு மூஞ்சி வடக்கப் பாத்திருக்கு?"

"மேலாறு அந்தப் பக்கம்தானே," என்றான் டெல்மர்.

சொல்லி முடித்த பிறகுதான் அவனுக்கே உறைத்தது. ஆற்றில் பிழைக்கிறவன் எவனும் படகை நிறுத்தும்போது அதன் தலையை நீரோட்டத்துக்கு எதிராக, மேலாற்றைப் பார்த்து வைத்துத்தான் கட்டுவான். மாற்றிக் கட்டினால் ஓட்டம் பின்பக்கம் புகுந்து அலைக்கழித்துவிடும். வாழ்நாள் முழுக்க அப்படியே கட்டிய கை, நாற்பது டன் வீட்டையும் அப்படியே கட்டிவிட்டது. அங்கே நின்ற அத்தனை ஆற்று ஜனங்களின் கண்ணும் அதைச் சரி என்று ஒப்புக்கொண்டது. அத்தனை பேரில் கேட்கத் தோன்றியது லாரிக்காரனுக்கு மட்டும்தான். அவன் சோளக்காட்டுப் பக்கத்துக்காரன்.

"இது என்ன படகா, டெல்மர்?"

"வெள்ளத்துல ரெண்டு தடவ மெதக்கப் பாத்துச்சே!"

"வாய மூடு."

"ஏன், நீயும்தானே கூடவே நடந்து வந்த. நீ பாக்கலியா?"

பார்த்திருந்தாள். அவள் கண்ணும் படகுக்காரியின் கண்தான். அதனால்தான் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தாள். டெல்மர் சுவரில் சாய்ந்து நின்றான். இருவரும் கொஞ்ச நேரம் தண்ணீர்த் தொட்டியைப் பார்த்தார்கள்.

"நல்லாப் பெயிண்ட் அடிச்சிருக்கான்," என்றான் டெல்மர்.

அவள் காலில் இருந்த செருப்பு பறந்தது. அவன் குனிந்துகொண்டான்.

6

ஹெலன் ட்ராஸ்க் மாநிலப் பட்டியலைக் கவனிப்பவள். அந்த வாரமே வந்தாள். இவளைக் கொடுமைக்காரியாக எழுதலாம் என்று கை பரபரத்தது. (உதடு மெல்லிய அந்த அதிகாரி மூக்கைச் சுருக்கி — இல்லை. உதடு சாதாரண உதடு. மழையில் சேற்றுக்குள் முழங்கால் போட்டு, உத்தரங்களை எட்டிப் பார்த்தாள். வீட்டை நோகாமல் கொண்டுவந்திருக்கிறீர்கள் என்று டெல்மரைப் பாராட்டவும் செய்தாள். அவன் தரையைப் பார்த்தான்.)

மாடியறையில் நின்று அவள் சொன்னாள்: "மிஸஸ் கிப்ஸ், இந்த ஊர்ல பழைய வீடு நெறைய இருக்கு. இது பட்டியல்ல இருக்கறது இந்தச் சன்னலுக்காக. ஒரு சுக்கானி ஆத்தப் பாக்கறதுக்குன்னே கட்டின வீடு. எடம் மாறினதையே நான் சண்ட போட்டுத்தான் ஒத்துக்க வெச்சேன். ஆத்தப் பாக்காத ஆத்துச் சன்னல்னு எப்படிங்க எழுதறது?"

ஓர்லீன் மறுக்கவில்லை. மறுக்க என்ன இருக்கிறது? அவள் மனசிலும் அதேதான். ஆற்றைப் பார்க்காத சன்னல் அவளுக்கும் வேண்டாம்.

"எப்ப எழுதணும்?"

"வெள்ளிக்கிழம மத்தியானம் திரும்ப வரேன். அப்ப எப்படி இருக்கோ அப்படி."

"அப்ப ஆத்தப் பாத்திருக்கும்."

ட்ராஸ்க் சுற்றும் முற்றும் பார்த்தாள். சக்கரம் இல்லை, லாரி இல்லை. "எப்படி?"

"அது எங்க பாடு," என்றாள் ஓர்லீன்.

7

எப்படி என்று சொல்கிறேன். இங்கே அலங்காரம் வேண்டாம்.

வீட்டின் நடுவே, அடியில், இரும்புத் தகடு ஒன்றைச் சுழல அச்சாக வைத்தார்கள். நான்கு மூலைகளுக்கும் கீழே கட்டைப் பாதை போட்டார்கள். கட்டைகளின்மேல் சோப்பு தேய்த்தார்கள். சோப்பு போதவில்லை. ஓர்லீன் பன்றிக் கொழுப்பை வாளியில் கொண்டுவந்து கையாலேயே பூசினாள். (மூன்றாம் தொடக்கம் இதுதான்.) "கேப்டனுங்க தின்ன மிச்சம். வீடாவது தின்னட்டும்," என்றாள்.

பார்ஜ்களைப் பிணைக்கும் ராட்செட் தெரியுமா? நடுவில் நீளக் கைப்பிடி வைத்த முறுக்கி. கைப்பிடியை ஆட்ட ஆட்ட இருபக்கத்து வடமும் இறுகும். மூலைக்கு ஒன்றாக நான்கு. வடத்தின் மறுமுனை ஓக் மரங்களில். நாலு மூலையையும் ஒரே சுற்றுவாக்கில் இழுத்தால் திரிகைக் கல்போல வீடு சுற்றும். நாலு பேரும் ஒரே நேரத்தில் இழுக்கவேண்டும். ஒருவன் முந்தினால் சட்டம் முறுக்கிக்கொண்டு சுவர் பிளக்கும்.

ஓர்லீன் ஒன்று. டெல்மர் ஒன்று. ராய்ஸ் என்ற டெக் ஆள் ஒன்று. நான் பக்கத்தில் நின்று குறிப்பெடுத்துக்கொண்டிருந்தேன்.

"எழுதிட்டே நின்னா வீடு திரும்புமா?" என்றாள் ஓர்லீன். "பேனாவ வெச்சிட்டு வந்து பிடி."

பிடித்தேன். என் அப்பாவின் இடதுகையில் இரண்டு விரல் இப்படி ஒரு முறுக்கியில்தான் போயின. கைப்பிடியின் குளிர்ச்சி பட்டதும் என் விரல்கள் தாமாகவே மடங்கின. விரித்து, அழுத்திப் பிடித்தேன்.

"ஏ... இழு!" என்றான் டெல்மர்.

ஒன்றும் நடக்கவில்லை.

"ஏ... இழு!"

ஒன்றும் நடக்கவில்லை. வடம் மட்டும் முனகியது.

"ஏ... இழு!"

வீட்டுக்குள் எங்கோ ஒரு ஆணி கத்தியது. மூலை ஒரு விரல் அகலம் நகர்ந்திருந்தது. ஓர்லீன் குனிந்து, கொழுப்பில் விழுந்த புதுத் தடத்தைத் தொட்டுப் பார்த்தாள்.

"நகருது," என்றாள். "நிறுத்தாத."

வேலியோரம் ஊர்க்காரர்கள் கூடியிருந்தார்கள். "சமையல்காரிக்குக் கேப்டன் வீடு கேக்குது பாரு," என்று ஒரு குரல். "கேப்டனுங்களுக்கு இத்தன வருஷமா என் சமையல் கேட்டுச்சே, அப்ப எங்கடா போயிருந்த?" என்று கைப்பிடியை விடாமலே சொன்னாள் ஓர்லீன். சிரிப்பு எழுந்தது. ஆனால் கரைத் தெருவில் அவளுக்கு அடுத்த வீட்டில் இருந்த ஐவா மங்க் சிரிக்கவில்லை. "எங்க வீட்ட நேத்து இடிச்சிட்டாங்க ஓர்லீன். அது எந்தச் சுக்கானியும் கட்டல. என் வீட்டுக்காரர் கட்டினது," என்றாள்.   அந்த வாக்கியத்தை மழுப்பிவிட்டுப் போக மனசு வரவில்லை. அது இங்கேயே இருக்கட்டும்.

இழுத்தோம். வியாழன் முழுக்க இழுத்தோம். வெள்ளி காலையில் வீடு பாதி திரும்பியிருந்தது. மூலைவாட்டில், எதையும் பார்க்காமல், சண்டை போட்டுக்கொண்ட மனுஷன்போல நின்றது. அப்போது மேட்டின் கீழே வேன் ஒலியெழுப்பியது. ராய்ஸின் படகு வந்துவிட்டது.

"போகாதேன்னு சொல்ல முடியாதே," என்றாள் ஓர்லீன்.

"படகு நிக்காது மிஸ் ஓர்லீன்." கையுறையைக் கழற்றி வேலிக் கம்பத்தில் மாட்டினான். "இது இங்க இருக்கட்டும். யாராச்சும் வருவாங்க."

நாலாவது கைப்பிடி காலியாயிற்று.

8

எழுதுகிறவன் பக்கத்தில் இருக்கும்போது ஆளுக்கா பஞ்சம்? உடனே ஒருவனை எழுதினேன்.

கிளைட் என்ற வாட்டசாட்டமான வாலிபன் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு மேட்டில் ஏறி வந்தான். "உதவி வேணுமா?" என்றான்.

டெல்மர் அவனை ஏற இறங்கப் பார்த்தான். "எந்தப் படகு நீ?"

கிளைட் விழித்தான். அதை நான் இன்னும் யோசிக்கவில்லை.

"கையக் காட்டு."

காட்டினான்.

"ஏ ஓர்லீன், இங்க பாரேன், ரேகையே இல்ல! இப்பத்தான் பொறந்த புள்ள கையாட்டம் இருக்கு."

"இப்பத்தான் பொறந்திருக்கு," என்றாள் ஓர்லீன், என்னைப் பார்த்து. "திருப்பி அனுப்பு."

(கிளைட் கைப்பிடியைப் பிடித்து முழு பலத்தோடு — அடித்தாயிற்று. அவன் இழுத்தபோது வடம் இறுகவில்லை.)

சரி, ஆள் வேண்டாம். முடிவையாவது எழுதிவிடலாம் என்று பார்த்தேன்.

முடிவு ஒன்று: ஹெலன் ட்ராஸ்க் வருகிறாள். இவர்கள் பாடு கண்டு மனம் உருகுகிறாள். கோணலாக நிற்கும் வீட்டையே பட்டியலில் வைக்கிறாள். (ஓர்லீனிடம் சொன்னேன். "அப்ப நான் ஆயுசுக்கும் மூலைவாட்டுலயா உக்காந்து பாக்கறது?" என்றாள். அதோடு, வேலையை ஒழுங்காகச் செய்கிற ஒருத்தியை உருகவைக்க வேண்டுமானால் முதலில் அவளை முட்டாளாக்க வேண்டும்.)

முடிவு இரண்டு: வடம் அறுந்து டெல்மர்மேல் பாய்கிறது. சாகும்போது அவன் கண் ஆற்றைப் பார்க்கிறது. (வடம் அறுவது உண்டு, எனக்குத் தெரியாதா? ஆனால் தன் தப்பைத் தானே திருத்தக் கிழட்டு முட்டியோடு நிற்கிற மனுஷனைக் கொன்று கண்ணீர் வாங்குவது மலிவு. டெல்மரும், "நீ வேணா செத்துப்போ," என்றான்.)

முடிவு மூன்று: ஓர்லீன் தோற்கிறாள். வீட்டை இடிக்கிறார்கள். சன்னல் சட்டத்தை மட்டும் எடுத்துக்கொண்டு ஆற்றங்கரையில் நட்டுவைத்து, அதன் முன்னால் நாற்காலி போட்டு — (அழகாக இருக்கிறது. படிக்கிறவர்களுக்குப் பிடிக்கும். ஓர்லீன் செருப்பைக் கழற்றினாள்.)

முடிவு நான்கு: வீடு திரும்பியது.

இரண்டே சொல். எழுதியும் விட்டேன். தாளில் அது சரியாகத்தான் இருந்தது. நிமிர்ந்து பார்த்தேன். வீடு கோணலாகவே நின்றது. ஓர்லீன் என் பக்கத்தில் வந்து நின்று தாளைப் பார்த்தாள்; கையில் இருந்த கொழுப்பு அதன் ஓரத்தில் ஒட்டியது.

"எவ்வளவு கனம்?" என்று கேட்டாள்.

"என்னது?"

"இந்த ரெண்டு வார்த்த. எவ்வளவு கனம் இருக்கும்?"

அடித்துவிட்டேன்.

9

மதியம் ஆவதற்கு முன்பே ட்ராஸ்கின் கார் வந்தது. இறங்கினாள். பாதி திரும்பிய வீட்டைப் பார்த்தாள். மூன்று பேர் மூன்று கைப்பிடியில் தொங்கிக்கொண்டிருப்பதைப் பார்த்தாள். நாலாவதைப் பார்த்தாள். அவள் அதைத் தொடக்கூடாது. தொட்டால் தீர்ப்பு எழுதும் கை அவளுடையதாக இருக்க முடியாது. அது அவளுக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும்.

"நான் மத்தியானம்தான் வரணும்," என்றாள். "இப்ப நான் இன்னும் வரல." காருக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

ஓர்லீன் ஒரு பிஸ்கட்டைத் துணியில் சுற்றிக் கார்ச் சன்னல் வழியாக நீட்டினாள். "வராதவங்களும் பசியோட இருக்கக்கூடாது," என்றாள். திரும்பி வந்து தன் கைப்பிடியைப் பிடித்தாள். உள்ளங்கையில் தோல் உரிந்த இடத்தில் மாவுச் சாக்குத் துணி சுற்றியிருந்தாள்.

"மாடியில போய்ப் பாத்தேன்," என்றாள் டெல்மரிடம். "தொட்டி பாதி போயிருச்சு. சன்னல் ஓரத்துல ஆறு எட்டிப் பாக்குது. ஒரு தட்டு அகலம்."

"மிச்சமும் வரும்."

"வராமப் போகட்டும் பாரு, உன்னத் தொட்டிக்கு மேல ஏத்தி உக்கார வெக்கறேன்."

இதற்குமேல் என்னால் எழுத முடியாது. கை கைப்பிடியில் இருக்கிறது. பேனா சேற்றில் கிடக்கிறது. வேலியோரம் நிற்கிறவர்களில் யாரையாவது இழுத்துவரலாமே என்று நீங்கள் கேட்கலாம். ஐவா மங்க்கிடம் போய் அதை யார் கேட்பது? நான் கேட்கமாட்டேன். நான் எழுதும் ஆட்களுக்கோ கையில் ரேகை இல்லை. இந்தத் தாளை இவ்வளவு நேரம் பிடித்துக்கொண்டிருக்கிறதே உங்கள் கை, அதில் ரேகை இருக்கிறது. அது நான் எழுதியது அல்ல.

ராய்ஸின் கையுறை வேலிக் கம்பத்தில் இருக்கிறது. கொஞ்சம் ஈரமாக இருக்கும், போட்டுக்கொள்ளுங்கள். கட்டையில் கொழுப்பு, பார்த்து வாருங்கள். வடத்துக்கு நேராக நிற்கவேண்டாம். பக்கத்தில் நில்லுங்கள், அறுந்தால் அது நேராகத்தான் பாயும். கைப்பிடியின் நுனியைப் பிடியுங்கள், கழுத்தைப் பிடித்தால் விரல் போய்விடும். முந்தவேண்டாம், பிந்தவேண்டாம். முதல் இரண்டு தடவை ஒன்றுமே நடக்காது. நகரும் என்று நான் சத்தியம் செய்யமாட்டேன். நிறுத்தாதீர்கள் என்று மட்டும் சொல்வேன்.

ஓர்லீன் தலையைத் திருப்பி உங்களைப் பார்க்கிறாள். கிளைட்டைப் பார்த்ததுபோல அல்ல.

"வந்தாச்சா?" என்கிறாள். "காலை நல்லா ஊணிக்க."

டெல்மர் மூச்சை இழுத்து நெஞ்சில் நிறுத்துகிறான். கீழே, வளைவில், ஏதோ ஒரு படகு தலையைத் திருப்பிக்கொண்டிருக்கிறது.

"ஏ..."